கவிதாவின் அட்டென்டன்ஸ்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பகலில் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்கள்: கிளார்க், மாணவர் நல மேடம், என் மகள் கவிதா, நான்.

"இன்னாம்மா, பொண்ணு பாதி நாள் கிளாசுக்கே வர்ல. ஊட்ல தூங்கிக்கினு கீறாளா?" என்றார் கிளார்க்.

"தெனமும் கவரைப்பேட்டைல நான்தான் சார் ட்ரெயின் ஏத்தி வுடுறேன்."

கவிதா அழுதாள். மேடம் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, "என்னாண்ட சொல்லிட்டா. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துக்கீறேன். நீங்களும் கேக்காதீங்கம்மா, அவளே சொல்லட்டும்" என்றார்.

கிளார்க்கோ, "காரணத்த எழுதி நாளைக்கு நீங்க கையெழுத்து போட்டாத்தான் ஹால் டிக்கெட்டு" என்கிறார்.

சாப்பாட்டு டப்பா தினமும் காலியாகத்தான் வந்தது. எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள்? இன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

முருகா, அவளைக் கேட்கக் கூடாதாம். உன்னைத்தான் கேட்கிறேன். விடிவதற்குள் பதில் சொல்.