சுவரிலிருந்து இறங்கிய படம்

சங்கத்தின் செய்தி மடல் வெளியாகிவிட்டது. பிஸ்கற் தகர ரின் மட்டும் இன்னும் என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. உள்ளே நாற்பது சொச்சம் துண்டுச் சீட்டுகள். திறந்தால் பழைய வெண்ணெய் மணமும் பென்சில் மணமும் சேர்ந்து வருகின்றன. எறியத்தான் வேண்டும். எறிவதற்காகக் கையில் எடுப்பேன், திரும்ப வைப்பேன். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உமக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாமலே எழுதுகிறேன்.

போன மாதம் டண்டினொங்கில் ஒரு மண்டபத்தை எடுத்து எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு சவூதிப் படம் காட்டியது. சிறிய ஊர் ஒன்று. வீட்டுக் கதவுகளில் கட்டமும் பூவும் தீட்டிப் பிழைக்கிற ஒரு விதவை. ஒருநாள், செத்துப்போன தன் தங்கையின் முகத்தை ஒரு கதவில் தீட்டிவிடுகிறாள். முகம் வரைவது கூடாது என்று நினைக்கிற ஊர் அது. அடுத்தநாள் பார்த்தால் முகத்தின்மேல் சுண்ணாம்பு. யார் பூசியது என்று அவள் வீடு வீடாகக் கேட்டுப் போகிறாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: நான் இல்லை, ஊருக்குப் பிடிக்கவில்லை. படம் முடியும்வரை பூசிய ஆளைக் காட்டவே இல்லை.

முடிந்ததும் வாசலில் சீட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்தவர்களின் கருத்தை எழுதி ரின்னுக்குள் போடச் சொன்னோம். அவற்றைத் தொகுத்துச் செய்தி மடலுக்கு ஒரு பக்கம் எழுதுவது என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் எழுதியதை நீர் பார்த்திருக்க வேண்டும். “பாவம் அந்தப் பொம்பிளையள். நாங்கள் புண்ணியம் செய்தனாங்கள்.” “இப்பிடியும் சனம் இருக்குதே!” “சப்டைற்றில் கெதியா ஓடுது, வாசிக்க ஏலாது.” “வடை ஆறிப்போச்சு.” தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், “ஆமா, படம் ஸ்லோ. ஆனா அந்தம்மா நடிப்பு சூப்பர். கடைசில யாருன்னு சொல்லியிருக்கலாம்” என்று எழுதியிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. முக்கால்வாசிச் சீட்டுகளில் ஒரு நிம்மதி இருந்தது. அது எங்கேயோ இருக்கிற ஊர், அவர்கள் வேறு ஆட்கள் என்ற நிம்மதி. அதைக் கொஞ்சம் குத்திக்காட்டி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

“எங்கட சங்கத்திலயும் ஒரு படம் சுவரில இருந்து இறங்கினது. ஆர் இறக்கினது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

பெயர் இல்லை. உருண்டையான எழுத்து, வரி வளையாமல் இருக்கப் பாடுபட்ட எழுத்து. வாசித்ததும் சீட்டை மடித்து என் கார்டிகன் பைக்குள் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து யூனிற்றில் குடியிருந்த காலம் நினைவிருக்கிறதா? நீர் மன்னார்க் கடற்கரையிலிருந்து வந்தவர், மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துகிறவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எதன் முன்னாலும் எதையும் கொளுத்தாதவள். உமக்குப் பகலில் மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலை, இரவில் வர்ணமும் தூரிகையும்; எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடம். அந்தக் குளிர்காலத்தில் நான் ஈரப் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். என் கணவர் வேலைக்குப் போன பிறகு, பிளாஸ்ரர் கழற்றும்வரை ஆறு கிழமை நீர் வந்து என்னைக் குளிக்க வார்த்தீர். நான் மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு பாத் ரப்புக்குள் நிற்பேன். பிளாஸ்ரர் நனையாமல் இடக்கையை விலக்கித் தூக்கிப் பிடித்திருப்பேன்.

“ஷவர் இருக்கெல்லோ?” என்று முதல்நாள் கேட்டேன்.

“ஷவர் எண்டுறது தூறல். குளிப்பெண்டா வாளியால ஊத்த வேணும். குனியும்.”

“தண்ணி சுடுது.”

“யாழ்ப்பாணத்தாருக்கு எல்லாத்திலயும் குறை. கையைத் தூக்கிப் பிடியுமப்பா, நனைஞ்சா டொக்டர் என்னையெல்லோ பேசுவார்!”

என் அம்மாவுக்குப் பிறகு என் முதுகைத் தேய்த்தவர் நீர் ஒருவர்தான். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் “தாங்ஸ்” என்றேன், ஏதோ நீர் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டதுபோல.

அடுத்த தைப்பொங்கல் விழாவில் சங்கம் ஓவியக் கண்காட்சி வைத்தது. நான் அப்போது செயலாளர். விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் தனியாகப் போய், மாட்டிய படங்களைப் பட்டியலோடு சரிபார்ப்பது என் வேலை. மயில், கோயில் கோபுரம், பிள்ளைகள் வரைந்த கங்காரு. அவற்றுக்கு நடுவில் நீர் தீட்டியது. ஒரு கிணற்றடி. குறுக்குக்கட்டோடு ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். தலையில் தண்ணீர் விழுகிறது. முகம் தெரியவில்லை. இடக்கையை மட்டும் தண்ணீரிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள். ஏன் அப்படிப் பிடிக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நல்ல படம். அதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் கண்டது என் முதுகை மட்டும். நாளைக்கு என் கணவரும் அவருடைய நண்பர்களும் பொங்கல் கோப்பையோடு அதன் முன்னால் நிற்பார்கள் என்பதை மட்டும். என்னைக் கேட்காமல் ஏன் வரைந்தீர் என்று உம்மோடு சண்டை பிடித்திருக்கலாம். அதற்குக்கூட முதலில் “அது நான்” என்று சொல்ல வேண்டியிருந்தது. படத்தை இறக்கி, ஒரு மேசைவிரிப்பால் சுற்றி, காரில் வைத்துக்கொண்டு உம்மிடம் வந்தேன்.

“கமிட்டிக்கு இது சரிவராதாம்.”

“ஏனாம்?”

“ஈர உடுப்பு... குடும்பங்கள் வாற இடம்... சனம் கதைக்குமாம்.”

நீர் படத்தை வாங்கிச் சுவரோடு சாய்த்தீர். “எந்தச் சனம்?”

“எல்லாரும்தான்.”

“முதுகைக் கண்டாலும் பயப்பிடுற சனமோ?” என்று சிரித்தீர். பிறகு, “நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்” என்றீர். குடித்தேன். சீனி கூடுதலாக இருந்தது.

திரும்பிப் போய்க் கமிட்டியிடம், ஏதோ திருத்த வேண்டுமென்று நீரே படத்தைத் திருப்பிக் கேட்டதாகச் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லித் தப்புவது சுலபம். நேரே போய்க் கேட்டால் மனவருத்தம் வரும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த மரியாதைக்குள் நான் ஒளிந்துகொண்டேன். நீர் அதன்பிறகு சங்கத்துக்கு ஒரு படமும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தீர். பத்து வருடம். உமக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து, நான் சூப் கொண்டுவந்த மாதங்களில், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவேன். நீர் வேறு கதை தொடங்குவீர். அது எனக்கு வசதியாக இருந்தது.

சீட்டைப் பைக்குள் வைத்த மூன்றாம் நாள், அந்தக் காலத்தில் தலைவராயிருந்த அங்கிளுக்கு ஃபோன் எடுத்தேன். யாருக்கு என்ன தெரியும் என்று அறிவதற்குத்தான். வேறு நல்ல நோக்கம் இருக்கவில்லை. சீட்டை வாசித்துக் காட்டினேன்.

“அதோ? அது அவவே திருப்பிக் கொண்டுபோனதெல்லோ. நீர்தானே பிள்ளை வந்து சொன்னனீர்.”

“ஓம் அங்கிள்.”

“எனக்குப் பிடிச்ச படம். என்ர அம்மாவும் உப்பிடித்தான் கிணத்தடியில நிப்பா. மேடைக்குப் பக்கத்தில வைப்பம் எண்டெல்லோ நான் நினைச்சனான்.” செருமினார். “ஆரோ விசர்க்கதை எழுதியிருக்கினம். அதை விட்டிட்டு வடை ஆறினதைப் போடும்.”

விட்டிருக்கலாம். கேட்க ஒருவரும் இல்லை. ஆனால் விட்டால் அது அந்தப் படத்தை இரண்டாம் தடவையும் இறக்குவது. அன்றைக்கு இரவு மேசையைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். வடையையும் போட்டேன். கடைசியில் அந்தச் சீட்டு. அதன்கீழே: “அந்தப் படத்தை இறக்கியது நான். கமிட்டி எதுவும் சொல்லவில்லை. வரைந்தவரும் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொன்னேன்.” என் பெயரையும் போட்டேன். ஏன் இறக்கினேன் என்று எழுதவில்லை. அது சனத்துக்குத் தேவையில்லை என்று நினைத்தேன். பாரும், திரும்பவும் சனம்.

செய்தி மடல் போன அன்றே உம்முடைய மகள் ஃபோன் எடுத்தாள்.

“அன்ரி, அந்தச் சீட்டு நான் எழுதினது. ஸொறி.”

படம் காட்டிய அன்று பின்வரிசையில் இருந்தாளாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து எழுத்து. நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“அம்மாக்குத் தெரியும் அன்ரி. அந்த வீக்கே தெரியும். தமிழ்க் கடையில பிரசிடன்ற் அங்கிள் கேட்டவர், ஏன் பிள்ளை திருத்த வேணுமெண்டு படத்தை எடுத்தனீர் எண்டு. நான் பக்கத்தில ட்ரொலி பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“அம்மா என்ன சொன்னவ?”

“‘ஓம் அங்கிள், கொஞ்சம் திருத்த வேணும்’ எண்டு. அவ்வளவுதான். நீங்கள் ஏன் எடுத்தனீங்கள் எண்டு அம்மாவை எத்தினை தரம் கேட்டனான், சொல்லவே இல்லை.” பிறகு சொன்னாள்: “நீங்கள் சீட்டைப் போடமாட்டீங்கள் எண்டு நினைச்சன்.”

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். கராஜிலிருந்து படத்தைத் தூக்கி வந்து சோஃபாவில் வைத்தாள்.

நீர் திருத்தியிருந்தீர். நான் சொன்ன பொய்யை நீர் உண்மையாகவே செய்து முடித்திருந்தீர். அந்த இடக்கை இறங்கி, உடம்போடு ஒட்டி, தண்ணீருக்குள் நின்றது. முன்பு கை நீண்டிருந்த இடத்தில் ஒரு வாழையிலை. கிணற்றடியில் நிற்பவள் இப்போது யாராகவும் இருக்கலாம். ஒரு சொல் கேட்காமல் நீர் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர். எனக்காகக் கையை மாற்றிவிட்டு, அதன்பிறகும் அதை எங்கும் மாட்டாமல் வைத்திருக்கிறீர்.

நீர் என்னைத் திட்டிப் பேசியிருந்தால் இவ்வளவு அந்தரமும் தவிப்பும் இருக்காது. இப்போது அந்தப் பத்து வருடத் தேத்தண்ணியையும் ஒவ்வொரு கோப்பையாகத் திரும்பக் குடித்துப் பார்க்கிறேன். என் குசினி அடுப்படியில் நின்று சிரித்தபோதெல்லாம் தெரிந்துகொண்டா சிரித்தீர்? கட்டிலில் கிடந்தபடி வேறு கதை தொடங்கியது என்னைக் காப்பாற்றவா? மன்னித்துவிட்டீரா, இல்லை நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீரா? இரண்டும் ஒன்றல்ல. எது என்று இனித் தெரியவராது. அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

“வாற பொங்கலுக்கு இதை வைக்கட்டோ, அன்ரி?” என்று மகள் கேட்டாள்.

கமிட்டி என்ன சொல்லுதெண்டு கேட்டுப் பாப்பம் என்பதுதான் என் வாயில் வந்தது. “கமி...” வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“எனக்கு வெக்கமாக் கிடக்கு,” என்றேன். “எனக்குத்தான், வேற ஒருத்தருக்கும் இல்லை. நீர் வையும்.”

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் அவளால் என்னைக் காண முடியவில்லை. காண முடியாதபடிதானே நீர் செய்திருந்தீர். நான் அந்த வாழையிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.