போத்தனூர் வீட்டுக் கதவு

லூப்ளின், போலந்து
26 டிசம்பர் 2024

அன்பு நந்து,

நீ சொன்னபடியே போனை எடுக்காமல் மெயிலில் எழுதுகிறேன். பேசினால் இரண்டாவது நிமிடமே புருசன் பெண்டாட்டிச் சண்டை வந்துவிடுகிறது என்றாய். நிஜம்தான். எழுதினால் நீயும் நிதானமாக அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம்.

நான் சுகம். அங்கே அம்மாவின் முட்டிவலி, செவலைக் கன்று, பின்பக்கம் வைத்த தென்னம்பிள்ளைகள் எல்லாம் தேவலை என்று நம்புகிறேன்.

இங்கே கிறிஸ்துமஸ். பேக்டரிக்கு லீவு. என் அறையில் இருக்கும் நேபாளத்துப் பையன்கள் சிநேகிதர்களைப் பார்க்க வார்சா போய்விட்டார்கள். கடை இல்லை, பஸ் இல்லை, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நம் பெரியநாயக்கன்பாளையத்தில் பந்த் என்றால்கூட ஏதாவது ஒரு டீக்கடைக்காரர் பின்கதவைத் திறந்து வைத்திருப்பார். முந்தாநாள் நான் ரொட்டியும் தயிரும் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. அடக் கடவுளே, இது என்ன ஊர் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போது என் சூப்பர்வைசர் மாரெக் காரை எடுத்துக்கொண்டு வந்து, 'கிளம்பு' என்று வீட்டுக்கு அழைத்துப் போனான். மேசை விரிப்புக்கு அடியில் காய்ந்த புல் பரப்பி வைத்திருந்தார்கள், மாட்டுக்கொட்டாய் வாசம். வீட்டில் இருப்பது ஐந்து பேர், தட்டு ஆறு. யாரென்று தெரியாத ஒரு விருந்தாளி வந்தால் வரட்டும் என்று ஒரு தட்டு சேர்த்து வைப்பது அவர்கள் வழக்கமாம். அந்தத் தட்டில் என்னை உட்கார வைத்தார்கள். எல்லாரும் சிரித்துப் பேசினார்கள், எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சாப்பிட முடியவில்லை. நம் ஊடு, அந்த வாசலும் கொட்டாயும், அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன். பொங்கல் வருகிறது. போகியன்று காப்புக் கட்டும் சாயங்காலம் ஒன்றையும் விட்டுவிடாதே. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றும் சேர்த்து நல்ல கொத்தாக வை. ஊட்டு வாசல், மோட்டார் ரூம், கொட்டாய், கேட்டு, என் பைக்கு, எல்லாவற்றுக்கும் கட்டி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. பைக்கை வாரம் ஒருதரம் ஸ்டார்ட் செய்கிறாயா? தீபாவளிக்கு முறுக்கு யார் சுட்டது என்று கேட்டிருந்தேன், நீ பதிலே சொல்லவில்லை.

இன்னொன்று. இங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அவர்கள் அன்றைக்கே கேட்டார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன்
மோகன்குமார்


பெரியநாயக்கன்பாளையம்
4 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். விரிப்புக்கு அடியில் புல் வைத்த இடம் வந்ததும், "ஏனம்மணி, அவிய மாட்டுக்கு வெச்சாங்களா, மனுசனுக்கு வெச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்கள். அவர்கள் முட்டிவலி பரவாயில்லை. கன்று பால் மறந்துவிட்டது. தென்னம்பிள்ளையில் ஒன்று பட்டுப்போனது, மற்றவை நிற்கின்றன. பைக்கை எதிர்வீட்டு அழகிரிசாமி அண்ணன் வாரா வாரம் உதைத்துவிட்டுப் போகிறார்.

முறுக்கு யாரும் சுடவில்லை, மாமா. தீபாவளிக்கு முந்தின வாரம் எனக்கு டெங்கு. ரத்தத்தில் அணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அத்தை அந்த முட்டியோடு என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் எழுதிய பதிலில் இருந்தது, 'அப்படியா, உடம்பைப் பார்த்துக்கொள். அப்படியென்றால் முறுக்கு யார் சுட்டது?' அதைப் படித்துவிட்டு முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு நின்ற பிறகுதான் தாங்க முடியவில்லை.

போத்தனூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததையும் எழுதினேன். கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு வீணாகவில்லை என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீங்கள், 'சும்மா இருப்பதற்குப் போய் வா' என்று எழுதினீர்கள். தினமும் இரண்டு பஸ் மாறி, உக்கடத்தில் நின்று நின்று, வீட்டுக்கு வந்து சேரும்போது அத்தை தூங்கிவிடுகிறார்கள்.

கையெழுத்தைப் பற்றி என்ன எழுதுவது? போட்டாகிவிட்டது. ஒரு போன் செய்து, 'போடட்டுமா நந்து?' என்று கேட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். கோபம் கையெழுத்து மேல் இல்லை, மாமா. கேட்காமல் போட்டது மேல்தான்.

மாரெக் வீட்டில் யாரென்று தெரியாதவருக்கு வைத்த தட்டில் உட்கார்ந்தபோது சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. உங்கள் வீட்டில் மூன்று வருஷமாக நான் உட்கார்ந்திருப்பதும் அந்தத் தட்டில்தான். வயிறு நிறையச் சோறு இருக்கிறது, மரியாதை இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவுதான்.

வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்காரம்மாவை நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு அந்த வீட்டுக்குப் போக ஆசையில்லை. உங்களிடமிருந்து இந்த முறை ஒரு நல்ல கடிதம் வரும் என்று பார்க்கிறேன்.

காப்பு எல்லாவற்றுக்கும் கட்டுகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காதுவலி சட்டென்று வந்துவிடும்.

உங்கள்
நந்திதா


லூப்ளின்
14 ஜனவரி 2025

அன்பு நந்து,

பொங்கலோ பொங்கல்!

உன் கோபக் கடிதம் கிடைத்தது. நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஆயிரம் யோசனை, எழுதும்போது அப்படி இப்படித்தான் வரும். நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஊருக்கு வந்ததும் எல்லாம் உட்கார்ந்து பேசலாம். போத்தனூர் வீடெல்லாம் எதற்கு? நீ போய்விட்டால் அந்த ஊட்டில் சாயங்காலம் விளக்கு வைப்பது யார்? அம்மா ஒருத்தியால் ஆகுமா?

இன்றைக்கு என் பொங்கலைக் கேள். ஒரு ஷிப்டு லீவு சொல்லிவிட்டேன். வெல்லம் கிடைக்கவில்லை; பழுப்புச் சர்க்கரை போட்டேன். சூரியனைப் பார்த்து ஒரு வாரமாகிறது. கிழக்கு எது என்று போனில் பார்த்தால், டயர் கடைப் பக்கம் காட்டியது. சரி, டயர் கடைக்கே கும்பிடு போடுவோம் என்று சன்னலைப் பார்த்து நின்றேன். கரண்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்து ஒரே கருகல் நாற்றம். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவானே என்று 'பொங்கலோ பொங்கல்' என்பதைக்கூட வாய்க்குள்ளேயே சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், நந்து. பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். வயசு முப்பத்தாறு ஆகிறது, அடுப்புப் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மாரெக் வீட்டில் பார்த்த மாதிரி தட்டு இரண்டாக வைத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று நம் ஊட்டு நினைவுக்கு என்று வைத்துக்கொள்.

காப்புப் போட்டோ இன்னும் வரவில்லை. பைக்குக்குக் கட்டினாயா? ஹேண்டில்பாரில் கட்டு, கண்ணாடியில் வேண்டாம், சுற்றிக்கொள்ளும். கொட்டாய்க் கூரை ஒழுகுகிறதா? நாளைக்குப் பட்டிப்பொங்கல், கன்றுக்குக் கழுத்து மணி வாங்கியாயிற்றா? எல்லாவற்றுக்கும் விவரமாக எழுது. உன் கடிதம் வந்தால்தான் எனக்கு ஊட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது.

உன்
மோகன்


போத்தனூர்
19 ஜனவரி 2025

மாமாவுக்கு,

கேட்ட போட்டோக்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். வாசல், மோட்டார் ரூம், கொட்டாய், கேட்டு. பைக்குக்கு ஹேண்டில்பாரில்தான் கட்டியிருக்கிறேன், பாருங்கள். கன்றுக்கு மணி வாங்கியாயிற்று. கூரை ஒழுகவில்லை.

உங்கள் பொங்கல் கடிதத்தைப் பட்டிப்பொங்கலன்று அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் அழுத இடத்தில் அவர்களும் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அறையும் டயர் கடையும் உங்கள் கருகிப்போன பாலும் எனக்கு இப்போதும் மனசில் இருக்கிறது. நீங்கள் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

படித்து முடித்ததும் அத்தை, "இன்னொருக்கா படி அம்மணி" என்றார்கள். மறுபடியும் முழுக்கப் படித்தேன்.

"பைக்கு வந்துபோச்சு, கூரை வந்துபோச்சு, கன்னுக்குட்டி வந்துபோச்சு. உன்ற காய்ச்சல் எங்க கண்ணு வந்துச்சு?" என்றார்கள்.

"வரலீங்க அத்தை" என்றேன்.

"அவன் ஊட்டுக்குத்தான் கடுதாசி போடறான் அம்மணி. உனக்குப் போடறதில்ல. நானும் இத்தன நாளா கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் நான் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். கிளம்பும்போது அத்தை கொட்டாயிலிருந்து ஒரு கொத்து எடுத்துவந்து கொடுத்தார்கள். காப்புக் கட்டின அன்றைக்கே எனக்கென்று தனியாக எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். "நாள் தாண்டிப் போச்சு, ஆனாலும் பரவால்ல. போற ஊட்ல கட்டிப்போடு" என்றார்கள். மாமியார் மருமகளை அனுப்பிவைக்கிற அதிசயத்தை எங்கே போய்ச் சொல்வது? பஸ் ஏறும்வரை என் பையை விடமாட்டேன் என்றுவிட்டார்கள்.

அந்தக் கொத்தை இந்த வீட்டுக் கதவுக்குமேல் கட்டியிருக்கிறேன். என் பேரில் நான் கட்டின முதல் காப்பு. அதைப் போட்டோ எடுக்கவில்லை.

அத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருவேன். அது அவர்களுக்காக. சாயங்கால விளக்கை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள், கேட்டுவிட்டேன்.

ஊட்டுச் சேதி எழுதுவது இதுதான் கடைசி. அழகிரிசாமி அண்ணன் எழுதுவார், சொல்லி வைத்திருக்கிறேன்.

நந்திதா


லூப்ளின்
14 ஏப்ரல் 2025

நந்து,

ஜனவரியிலிருந்து எழுதிய எதற்கும் பதில் இல்லை. நியாயம்தான். முதலில் எழுதியதில் கோபப்பட்டேன், அடுத்ததில் அம்மாவைக் காரணம் காட்டினேன். அவற்றைப் படிக்காமல் இருந்தால் படிக்க வேண்டாம்.

இன்றைக்குச் சித்திரை ஒன்று. பருப்பும் சோறும் மட்டும்தான். தட்டு இரண்டு வைத்தேன். பொங்கலுக்கு வைத்ததை ஊட்டு நினைவுக்கு என்று எழுதினேனே, என்ன மனுசன் நான்! ஊடா வந்து சாப்பிடும்? இன்றைக்கு வைத்தது உனக்கு. சோறு ஆறுகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ அனுப்பிய போட்டோக்களைத் தினமும் பார்க்கிறேன். வாசல், கேட்டு, கொட்டாய். ஒன்றில்கூட நீ இல்லை. நானும் கேட்கவில்லையே. பைக்குப் போட்டோவில் மட்டும் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, போனைத் தூக்கிப் பிடித்த கையோடு. கை மெலிந்திருக்கிற மாதிரி தெரிகிறது. டெங்குக்கு அப்புறம் உடம்பு தேறவே இல்லையா? நிழலை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டுபிடிக்க முடியும்?

மே மாதம் இரண்டு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். நேராகப் போத்தனூர் வரலாமா என்று கேட்கிறேன். கேட்காமல் வரமாட்டேன். அம்மாவிடம் விலாசம் கேட்டதற்கு, "நீயே கேட்டுக்கோ சாமி" என்று போனை வைத்துவிட்டாள்.

இங்கே படுத்துக் கண்ணை மூடினால் நம் ஊட்டின் ஒவ்வொரு தாழ்ப்பாளும் தெரிகிறது. மோட்டார் ரூம் கதவில் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்றுகூடச் சொல்வேன். நீ காப்புக் கட்டின கதவு மட்டும் எப்படிப் பார்த்தாலும் வரமாட்டேன் என்கிறது. மரக்கதவா, இரும்பா? வேலை முடிந்து வரும்போது யாராவது உள்ளே இருக்கிறார்களா, நீயேதான் பூட்டைத் திறக்கிறாயா? ராத்திரிக்கு என்ன சமைக்கிறாய்?

வேறு எதுவும் எழுத வேண்டாம், நந்து. அந்தக் கதவு என்ன நிறம் என்று மட்டும் எழுது.

மோகன்