எந்த நரம்பு?

எண்ணூர்,
6.4.2025

அன்புள்ள ரமாபாய்க்கு,

ஜெய்பீம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லி பிசியோதெரபி அக்காவின் உத்தரவு வேறு. கோழிக்கிறுக்கலாக இருக்கும், திட்டாமல் படி.

கன்டெய்னர் யார்டில் தகரம் கிழித்து என் வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது உனக்குத் தெரியும். தைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சுரீரென்று கரண்ட் அடிக்கும். அதுவரை நரம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது பாதி உள்ளங்கை வந்திருக்கிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. மோதிர விரலில் ஒரு பாதி என்னுடையது, மறுபாதி யாருடையதோ.

நிச்சயமெல்லாம் செய்துவிட்டு, "பையனுக்கு ஒடம்பு செரியில்ல" என்று ஒரே வரியில் உன் பரசுராமன் மாமா முறித்துக்கொண்டார். ஒரு கைக்காகவா ரமா? உனக்கும் அதே எண்ணம்தானா? அதை மட்டும் எழுது.

செங்குட்டுவன்

வியாசர்பாடி,
11.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஜெய்பீம். கோழியை ஏன் அவமானப்படுத்துகிறீர்கள்? அது இதைவிட நன்றாகவே கிறுக்கும்.

கையில் அடிபட்டதற்கா நாங்கள் முறிப்போம்? உங்கள் அம்மா இங்கே வந்து அழுதார்கள். "எம் புள்ளைக்கு நரம்பு தளர்ச்சி வந்துட்சி, இனிமே இன்னா பண்ணுவான்னே தெரியல" என்று மாமாவிடம் சொன்னார்கள். டோல்கேட் சுவரிலெல்லாம் லாட்ஜ் வைத்தியர்கள் அந்த வார்த்தையைப் போட்டு எதற்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாமா முகம் தொங்கிவிட்டது. என் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். என்னிடம், "இந்த சம்பந்தம் வோணாம்மா, பேஜாரு" என்றதோடு சரி.

விஷயம் ஒருமாதிரி புரிந்தபிறகு உங்கள் போனை எடுக்க வெட்கமாகிவிட்டது. எடுத்து எப்படிக் கேட்பேன்? கடிதத்தில் என் முகம் தெரியாது, கேட்டுவிடுகிறேன். கை நரம்பு மட்டும்தானே?

ரமாபாய்

எண்ணூர்,
16.4.2025

அன்பு ரமா,

கை நரம்பு மட்டும்தான், தாயே! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "இன்னாடா கீது லெட்டர்ல?" என்று அம்மா கேட்கிறாள், என்னவென்று சொல்வேன்? ஆஸ்பத்திரிச் சீட்டை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மாமாவிடம் காட்டு.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நரம்பு விரல்நுனி வரை வந்தாலும் பழைய உணர்ச்சி முழுதாக வராமல் போகலாம் என்று டாக்டர் நேற்று சொன்னார். போன வாரம் சூடான டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். விரல் கொப்பளித்ததை அம்மா பார்த்துச் சொல்லித்தான் தெரியும். யார்டில் பழைய வேலை செய்ய முடியாது. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்கும் வேலை தருவதாக சூப்பர்வைசர் பிராங்கிளின் சொல்கிறார்.

நீ என் கையைப் பிடித்தால்கூட எனக்குத் தெரியாமல் போகலாம். யோசித்துச் சொல். நீ மாட்டேன் என்றாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன். பொய். ரொம்ப வருத்தப்படுவேன்.

செங்குட்டுவன்

வியாசர்பாடி,
20.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

சீட்டை மாமாவுக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னேன். "அட, அந்த அடிபட்ட கை நரம்பா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்!" என்று கத்தினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வரும் ஞாயிறு உங்கள் வீட்டுக்கு அவரே வந்து நாள் குறிக்கப் போகிறாராம். என்ன காரணத்துக்காக முறித்தார் என்று கேட்டு அந்த மனுஷனைக் கொல்லாதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்.

யோசித்துச் சொல்லச் சொன்னீர்கள். உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்து அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நான் யோசித்தது அவ்வளவுதான்.

கையைப் பிடித்தால் உங்களுக்குத் தெரியாது, சரி. பிடிக்கிற எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு தடவையும் உங்கள் காதில் சொல்லிவிடுகிறேன்: யோவ், புட்ச்சிகினுதான்யா கீறேன்.

உங்கள்
ரமாபாய்