நான்காம் நாள் கொத்தமல்லி

அத்தை,

அடக்கம் முடிந்து மூன்று நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நான்காம் நாள் நீங்கள்தான் ஃபிரிட்ஜைத் திறந்தீர்கள். உங்கள் மகள் ஷாஹ்லோ கடைசியாக வாங்கிய கொத்தமல்லி துவண்டு கிடந்தது.

"தூக்கிப் போட்டுடாதீங்க அத்தை."

"யாரு போடப்போறா? ஊரு ஃபிரிட்ஜெல்லாம் ரிப்பேர் பண்றவரு வீட்டுல தழை வாடுது பாரேன்!"

ஷாஹ்லோ என்னைத் தினமும் செய்த அதே கேலி.

காம்பு நுனிகளை நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினீர்கள். அரை மணியில் இலைகள் நிமிர்ந்தன. அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தேன். நீங்களோ அத்தனையையும் சூப்பில் தூவி, "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றீர்கள்.

சாப்பிட்டேன். நன்றி, அத்தை. நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இன்று பஞ்ஷன்பே சந்தையில் நானே ஒரு கட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் தாங்கும். அதற்குள் வாருங்கள். சூப் நான் வைக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை