மாமாவின் டம்ளரில் விமலாவின் ஒயின்

செப்டம்பர் 13, ஞாயிறு

காலையில் வெயில். மாலையில் கல்வராயன் மலைப் பக்கம் கருமேகம், மழை இல்லை. மாதா கோயில் பூசை முடிந்து வரும்போதே தலைவலி.

விமலா வந்து ஒரு வாரம். கொழுந்தன் அருளின் மனைவி. பாண்டிச்சேரியில் பேங்க் வேலை. இங்கே கிளையில் ஆள் பற்றவில்லை என்று ஒன்றரை மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறு எங்கே தங்குவாள், நம் வீடுதான். அருள் பாண்டி வண்டியில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கே வந்து படுக்கிறான்.

அவள் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே மூன்று பாட்டில் சிவப்பு ஒயின். பாண்டியில் மலிவாம்.

மாமா ரிட்டயர் ஆன கம்பவுண்டர். சாப்பாட்டோடு அரை டம்ளர் ஒயின் குடிப்பது வழக்கம். மாமியார் இறந்த பிறகு பதினோரு வருஷமாக நான் போடும் திராட்சை ஒயின்தான் அவருக்கு. கிறிஸ்துமஸுக்குப் பங்குச் சாமியார் வரை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார். கோயில் பக்கம் "ரெஜினா ஒயின்" என்றே பெயர்.

இன்று மதியம் கறிக்குழம்பு. என்னுடையதை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாகத் தள்ளினார்.

"விமலா, உன்னுது இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

"அக்காது இருக்குதே மாமா."

"அது ஒரே இனிப்பும்மா. கறியோட ஒத்து வரல. இத்தினி நாளா தெரியல பாரேன்."

இத்தினி நாளா தெரியலையாம். அந்த டம்ளரை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். மிச்ச ஒயின் கறிவேப்பிலைச் செடிக்கு.

செப்டம்பர் 15, செவ்வாய்

புழுக்கம். பன்னீர் திராட்சை வந்துவிட்டது, ஒரு பெரிய கூடை. பழக்கடைக்காரர் சொன்ன நாளுக்குக் கொடுத்தார், அதிசயம். இப்போது போட்டால்தான் கிறிஸ்துமஸுக்குள் தெளியும்.

செய்ய வேண்டியவை: பீங்கான் ஜாடி வெயிலில் காய வைக்க. சர்க்கரை. கோதுமை ஒரு பிடி. பட்டை, கிராம்பு. ஈஸ்ட். மகள் லில்லிக்கு யூனிபார்ம் பாவாடை ஓரம் அடிக்க.

சாயங்காலம் மாமாவும் விமலாவும் ஒரே பேச்சு. நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன்.

"கடையில அத்தினி பாட்டில் இருக்குமே, எத பாத்தும்மா வாங்குற?"

"தங்கக் கலர்ல லேபிள் இருந்தா வாங்கிடக் கூடாதுங்க மாமா. கண்ணாடி அலமாரியில வெயில் படுற மாதிரி நிக்கிறதும் வேணாம். உள்ள இருட்டுல வச்சிருக்கிறத எடுத்துக் குடுன்னு கேக்கணும். எங்கப்பா ஒயின் கெடங்குல வேல பாத்தாரு, அவுரு சொல்றது."

"வெல ஜாஸ்தியா குடுத்தா நல்லதா இருக்காதா?"

"விருந்துக்கு வேணா ஜாஸ்தி குடுக்கலாம். தெனம் குடிக்க கம்மி வெலையே போதும். சாப்பாட்ட அமுக்காம இருந்தா சரி."

பாட்டிலைத் திறந்தால் நாலு நாளைக்குள் முடித்துவிட வேண்டுமாம். தண்ணீர்ப் பானைக்கடியில் ஈர மணலில் வைக்க வேண்டுமாம். இனிப்பு ஒயின் பலகாரத்துக்கு, இனிக்காதது கறிக்கு. எனக்கெதற்கு இதெல்லாம். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மாமா இந்த ஒரு வாரத்தில் அவளிடம் பேசியதை என்னிடம் இத்தனை வருஷத்தில் பேசியிருப்பாரா? லில்லியும் அவளைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரிக்கப் பழகிவிட்டாள்.

பிறகு அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, சக்கரைய பாதியா கொறச்சுப் பாருங்களேன். கிராம்பும் வேணாம். பழத்தோட ருசி தனியா தெரியும்."

"உங்க ஊரு பழக்கம் உங்க ஊரோட இருக்கட்டும் விமலா."

முகம் சுருங்கிப் போய்விட்டாள். சுருங்கட்டும்.

செப்டம்பர் 16, புதன்

கடைத்தெருவில் தேர்க்கூட்டம் மாதிரி ஜனம். இட ஒதுக்கீடு கேட்டு நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். எல்லாரும் மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். மளிகைக்கடைக்காரர் நான் கேட்டதில் பாதி சர்க்கரைதான் தந்தார். "அவ்ளோதாங்க. எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கணும்." வேறு கடைகளில் அதுவும் இல்லை. கிராம்பு காலி.

வடக்கனந்தலிலிருந்து வரும் பால்காரர்: "நாளைலேர்ந்து பால் வராதும்மா. ஊரே ரோட்டுக்குப் போவுது. எங்க புள்ளைங்களுக்கும் படிப்பு, வேலைன்னு ஒரு வழி வேணுமில்ல?" நியாயம்தான். போய் வாருங்கள் என்றேன்.

அருள் காலையில் பாண்டிக்கு வண்டியோடு போனான். என் வீட்டுக்காரர் மலைமேல், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வழக்கமாக வெள்ளிக்கிழமை இறங்குவார்.

செப்டம்பர் 17, வியாழன்

பஸ் சத்தமே இல்லாத ஊர். காக்கை கத்துவது தனியாகக் கேட்கிறது. மெயின் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். கடைகள் சாத்தல்.

திராட்சைக் கூடையைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் சில கொத்து நசுங்கி ஈரம். சர்க்கரைக்கு எங்கே போவது. யோசித்துக்கொண்டே இருந்தேன், கழுவவில்லை. விமலா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 18, வெள்ளி

தூறல். அருளைப் பற்றித் தகவல் இல்லை. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில். எங்கே என்று மாமா காதை ஒட்டி வைத்துக் கேட்டார், சரியாகக் கேட்கவில்லை.

விமலா அழவில்லை. நடந்தே பேங்குக்குப் போய் வந்தாள், புடவை மடித்தாள், லில்லிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கல் மனசு என்று நினைத்தேன். மாமா அவள் தலையில் கை வைத்து, "வந்துடுவான்மா, தைரியமா இரு" என்றார்.

என் புருஷனும்தான் மலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பஸ் இல்லை, தகவல் இல்லை. என் தலையில் யாரும் கை வைக்கவில்லை.

மதியம் மாமா தூங்கும்போது, அவள் இல்லாத நேரம், ஈர மணலிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். முதலில் நாவல்பழம் மாதிரி நாக்கை இழுத்தது. துப்பிவிடலாம் என்று பார்த்தேன். பழைய கறிக்குழம்பு கொஞ்சம் இருந்தது, தொட்டுக்கொண்டு இன்னொரு வாய். காரம் அடங்கி, பழவாசனை மெதுவாக மேலே வந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. மோசமாக இருந்தால் மாமாவுக்கு வயசாகிவிட்டது, நாக்கு போய்விட்டது என்று விட்டிருப்பேன்.

செப்டம்பர் 19, சனி

கூடையிலிருந்து புளித்த வாடை. இனிமேல் தாங்காது. இருக்கிற சர்க்கரையைப் போடுவது என்று முடிவு. அவள் யோசனையால் இல்லை, கடையில் கிடைக்காததால். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்ல பழமாகப் பொறுக்கிக் கழுவித் துடைத்து, அண்டாவில் கொட்டிப் பிசைய உட்கார்ந்தேன். விமலா கேட்காமலே முழங்கை வரை கழுவிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பழம் நசுங்கும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால், அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு கையும் பழச்சாறு, துடைக்க முடியவில்லை.

"அக்கா, அவுரு வரலன்னா நா இன்னா செய்வேன்?"

என் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். "வந்துடுவான். அருளு கெட்டிக்காரன். எங்கனா ஊருக்குள்ள இருப்பான்" என்றேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரவிக்கையெல்லாம் ஈரம்.

அப்போதும் நினைத்தேன்: அழும்போது கூட இவள் மூக்கு சிவப்பதில்லை.

ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டியாயிற்று. தினம் காலையில் மரக்கரண்டியால் கிளற வேண்டும்.

செப்டம்பர் 21, திங்கள்

வெயில். ஜாடியில் நுரை கட்டத் தொடங்கிவிட்டது.

பதினொரு மணி வாக்கில் தெருமுனையில் சைக்கிள். அருள். நெற்றியில் கட்டு, நாலு நாள் தாடி. விமலா செருப்பில்லாமல் ஓடினாள். நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நானும்தான்.

திருக்கோவிலூர் தாண்டி வண்டி மாட்டிக்கொண்டதாம். எங்கிருந்தோ வந்த கல் கண்ணாடியில் பட்டு, சில்லு இவன் நெற்றியில். "அடிச்சது யாருன்னே தெரியலண்ணி. ஆனா மரத்த வெட்டிப் போட்டுட்டு ஒக்காந்துக்கினு இருந்தாங்களே, அவங்கதான் கட்டு போட்டாங்க. மூணு நாளும் அவங்க வூட்டுலதான் சோறு. இந்த சைக்கிளும் அந்த ஊருக்காரரோடது. திருப்பிக் குடுக்கணும்."

கடைசிப் பாட்டில் இன்று காலி. அருளுக்கு மாமாவே ஊற்றிக் கொடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

பிறகு கிணற்றடியில் வெகுநேரம் நின்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மலையிலிருந்து வருகிறார். நான் ஒருநாளாவது ஓடியிருக்கிறேனா?

செப்டம்பர் 25, வெள்ளி

வழி திறந்துவிட்டார்கள். பஸ் ஒன்றிரண்டு.

அவர் மரவள்ளி லாரியில் வந்து இறங்கினார். சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். ஓடலாம் என்றுதான் நினைத்தேன். படி வரைக்கும் போய்க் கால் நின்றுவிட்டது.

"சாப்டீங்களா?"

"இன்னா புதுசா வாசலுக்கு வந்துக்கீற? யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல."

ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்திருந்தார். கை கால் கழுவிவிட்டு முதல் கேள்வி: "விமலா கொண்டாந்துச்சே, பாண்டி ஒயினு. இருக்குதா கொஞ்சம்?"

"தீந்துபோச்சு" என்றேன். கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. விமலா திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 18, ஞாயிறு

இரவெல்லாம் நல்ல மழை, காலையில் விட்டுவிட்டது. இத்தனை நாள் எழுத ஒழியவில்லை. லில்லிக்கு அம்மை, இப்போது பரவாயில்லை.

இன்று ஒயின் வடிகட்டினேன். மெல்லிய துணியில் இரண்டு தரம். இன்னும் தெளியவில்லை, ஆனால் நிறம் வந்துவிட்டது. அடுப்படியில் தனியாக ஒரு வாய். இனிப்பு கம்மி. பழம் அப்படியே நாக்கில் நிற்கிறது. பதினோரு வருஷமாக நான் போட்டதில் எதுவும் இதன் பக்கத்தில் வராது. வாயில் வைத்த உடனே தெரிந்துவிட்டது. யாரால் என்றும் தெரிந்தது.

விமலா நாளை ஊருக்குப் போகிறாள் என்று கறி எடுத்திருந்தோம். அருள், இவர், மாமா, கோயில் பாட்டுக்குழு டீச்சர். மாமா ஒரு வாய் குடித்தார். கறியைத் தொட்டுக்கொண்டார். மறுபடி ஒரு வாய். டம்ளரைக் காலி செய்து என் பக்கம் நீட்டினார். விமலா பக்கம் இல்லை, என் பக்கம்.

"இன்னாம்மா செஞ்ச ரெஜினா? பாண்டி ஒயின் கெட்டது போ."

டீச்சரும் குடித்துவிட்டு, "இந்த வருஷம் எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வச்சிடுங்க" என்றார். இவர் இரண்டாம் டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை கிடைக்காமல் போனது, கிராம்பு போடாதது, இது அவள் சொன்ன பக்குவம் என்பது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் விமலா: "அக்கா கைதான் மாமா. ஜாடி பக்கத்துலயே இருந்து ஒருநாள் விடாம கிளறினாங்க. நா சும்மா கூட ஒக்காந்திருந்தேன், அவ்ளோதான்."

வேண்டுமென்று சொல்லவில்லை. என்னைக் குத்தவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள், என் ஒயினை எல்லாரும் புகழ்கிறார்கள் என்று. அவள் இடத்தில் நான் இருந்தால் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்திருக்காது.

நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"குழம்பு ஆறுது, சாப்புடுங்க" என்றுதான் வந்தது.