பதினொரு மணிக்குச் சிவப்பு மேசைவிரிப்பு

காஸியான்,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. ரொட்டி உருண்டை சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. இதய மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, முன்னால் அல்ல.

நான் கேபிள் காரில் மலை உச்சிக்குப் போகிறேன். நம் மகள் ஒட்டிலியின் கல்யாண ஏற்பாட்டுக்காரி ஹாம்பர்க்கிலிருந்து வந்து மேடை எங்கே என்று காட்டப்போகிறாளாம்.

நேற்று நீ கத்தியது நியாயம்தான். "நான் பொறந்த ஊர்ல என் பொண்ணுக்குக் கல்யாணம், நான் மட்டும் கீழ நிக்கணுமா?" அந்த உயரம் உன் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை மகளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "அம்மா, 'இன்ஸ்ப்ருக்கில், மேகங்களுக்கு மேலே ஒரு திருமணம்'னு பத்திரிகையே அடிச்சாச்சும்மா" என்கிறாள். பத்திரிகையை மாற்ற முடியாதாம். அப்பாவைத்தான் மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

'அசல் உள்ளூர்க்காரர்கள்' ஆறு பேர் நம் ஊர்த் தோல் கால்சட்டையில் மணப்பெண்ணின் பின்னால் நடப்பார்களாம். ஆறு பேரும் மியூனிக் நடிகர்கள். விருந்தினர் பட்டியலில் உன் பெயர் 'அடிவார விருந்தினர்'. கீழே இருந்தே கல்யாணத்தைப் பார்க்க உனக்கு ஒரு வீடியோ திரையும் ஒரு கோப்பை ஷாம்பெயினும் உண்டு. மதுவும் ஆகாது என்று ஏற்பாட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

இடத்தை மாற்றச் சொல்லி இன்றும் கேட்டுப் பார்ப்பேன். பலிக்காது.

சரியாகப் பதினொரு மணிக்கு பால்கனியில் சிவப்பு மேசைவிரிப்பைத் தொங்கவிடு. மேலிருந்து நம் வீடு தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால், கல்யாணத்தன்று எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உன் மனைவி புர்கா

உன் கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன். கீழே நின்றாலும் கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொள்.

மேகம் மூடியிருந்தாலும் தொங்கவிடு.