பந்தியில் உட்காராதவர்கள்

அக்கா,

அந்த நீல நோட்டில் இன்னும் பெருங்காய வாசம் போகவில்லை. உங்கள் கையிலிருந்த சாம்பார் வாளி சொட்டிய மஞ்சள் கறை மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தார். பழைய பட்டியலைப் புதிதாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். இதை எழுத உட்கார்ந்தபோது, நாம் கடல் கடந்து வந்து குடியேறிய இந்த ஊரில், ஹில்ஸ்பரோ பக்கம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு திரை. என்னோடு பேச இந்த நோட்டுதான் இருக்கிறது.

நம்மை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? கிளினிக் ஆட்கள் சுவரில் ஒரு படம் காட்டினார்கள். பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எந்த இனத்தார் எவ்வளவு வருகிறார்கள் என்று வரிசையாகக் கோடுகள். நமக்கு 'ஏசியன்' என்று ஒரே கோடு. உயரமாகத்தான் இருந்தது. "உங்கள் பெண்கள் நன்றாக வருகிறார்கள்" என்று பாராட்டினார்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் என் காதருகே குனிந்து, "டொக்டரம்மாவின்ர உயரத்தை என்ர தலையில வைச்சு அளந்திருக்கினம், பிள்ளை" என்றீர்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த சமோவப் பெண்மணி என்னவென்று கேட்டார். என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. வேறு வேறு தீவுகளிலிருந்து வந்த தங்களையும் ஒரே கோட்டில்தான் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்.

பென்ரோஸ் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு வரும் நீங்களும் ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டாக இருக்கும் டாக்டரம்மாவும் அந்தக் கோட்டுக்குள் ஒன்று. பஸ்ஸில் திரும்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "வெள்ளிக்கிழமைக்கு எத்தனை தட்டு, எத்தனை வாளி எண்டு நோட்டில எழுதிறீர். அந்தத் தட்டுக்கு முன்னால இருக்கிற பெண்டுகளை ஒருக்கா எழுதினால் என்ன?"

பத்தாவதோடு நின்ற படிப்பு எனக்கு. கட்டம் போடுவதெல்லாம் நானாகப் பழகியது. பிள்ளையார் சுழி போட்டு, பெயர், போன் நம்பர், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன வேலை, பரிசோதனைக்குப் போனதுண்டா என்று கோடு கிழித்தேன். கடைசிக் கட்டம் நீங்கள் சொன்னது: டாக்டரிடம் போகத் துணை யார்? அது எதற்கு என்று கேட்டதற்கு, "போடும். பிறகு விளங்கும்" என்றீர்கள்.

அடுத்த வெள்ளி, கோயில் அன்னதானப் பந்தியில் நீங்கள் வாளியோடு முன்னால் கேட்டுக்கொண்டே போக, நான் நோட்டோடு பின்னால் வந்தேன். புதிதாக வந்த கோயம்புத்தூர்ப் பெண் மிரண்டுபோய், "என்னக்கா, நீங்க விசா ஆபீஸா?" என்றாள். "விசா இல்லை, உம்மட வயித்தைப் பற்றிக் கேக்கிறம். விருப்பமில்லாட்டில் விடும். சொன்னால் ரெண்டு வடை" என்றீர்கள். பந்தியே சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொருவரும் தானாகச் சொன்னார்கள்.

ஊர்வாரியாக, வேலைவாரியாக நான் பிரித்து எழுதியபோது அந்த உயரக் கோடு துண்டு துண்டானது. காரும் நல்ல வேலையும் இருந்தவர்கள் போய் வந்திருந்தார்கள். போகாதவர்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் பாதிப் பேருக்கு ஒரே பதில்: 'மகன்'. உள்ளே வந்து ஆங்கிலத்தில் சொல்ல மகன்தான் உண்டு. அந்தப் பரிசோதனைக்கு மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாய் திறப்பாள்? அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிளினிக்கில் அந்தப் பக்கத்தை வைத்தோம். சனிக்கிழமை காலையில் ஒரு நேரம் ஒதுக்கினார்கள். தமிழ் பேசும் பெண் நர்ஸைப் போட்டார்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். முருகா, ஒரு நல்ல காரியம் என் கையாலும் நடந்ததே என்று கும்பிட்டேன்.

நமக்கு அந்த போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளியைக் கீழே வைக்க ஆரம்பித்தபோது, கிடங்கு வேலையின் நோவு என்றீர்கள். நம்பினேன். வாடகை வீடு மாறி மாறி, பரிசோதனைக்குக் கூப்பிடும் அரசாங்கக் கடிதமெல்லாம் உங்கள் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நோயைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து நோட்டை முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துத் தேடினேன். உங்கள் பெயர் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களைத்தான் எழுதியிருந்தேன். பரிமாறியவர்கள், அடுப்படியில் நின்றவர்கள், எல்லோரும் எழுந்த பிறகு நின்றுகொண்டே சாப்பிட்டவர்கள், ஒருவர்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் உங்கள் காலடியில் உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதேன். "விடும் பிள்ளை. கேக்கிறவள் நான். என்னை ஆர் கேக்கிறது?" என்று சிரித்தீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அது ஆறவில்லை, அக்கா.

நேற்று வெள்ளிக்கிழமை. பந்தி உட்காருவதற்கு முன்பே நோட்டோடு சமையற்கட்டுக்குப் போனேன். வெங்காயம் நறுக்கியவர், அப்பளம் பொரித்தவர், தண்ணீர் ஊற்றப் போகிறவர் எல்லோரையும் எழுதினேன். பாத்திரம் தேய்க்கும் அம்மா, "நமக்கெல்லாம் எதுக்குங்க" என்று நழுவினார். ஈரக் கையைப் பிடித்து நிறுத்தி எழுதினேன். முடித்து நிமிர்ந்தால், வடை போட்டுக்கொண்டிருந்த மலேசியப் பெண் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க இன்னும் எழுதலயே அக்கா? உங்களுக்கு யார் துணை?"

என் பெயரை எழுதினேன். ஊர் எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் நான் டாக்டரிடம் போன ஒவ்வொரு முறையும் உங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டிலிருந்து பஸ் பிடித்து, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தவர் நீங்கள்.

"அப்புறம் சொல்றேம்மா" என்று நோட்டை மூடினேன்.

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் பழைய பக்கத்தைத் திருப்பி, மஞ்சள் கறைக்குக் கீழே ஒரு வரி கோடு கிழித்து உங்களை எழுதினேன். துணை யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் உங்கள் போன் நம்பரையும் எழுதினேன். எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இன்னும் அது ஒன்றுதான்.